நீலத்தைத் தொட்ட விரல்கள்

குளிர் தொடங்கும் புனித மார்ட்டின் திருநாள் கழிந்து, போ என்னும் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் மொந்தால்பா ஊரை விழுங்கியிருந்த ஒரு காலையில் ஓவியன் தத்தேயோவின் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து ஒரு கூடை வந்தது. உள்ளே மாதுளை நிறப் பட்டில் ஒரு பெண்ணின் உடுப்பு. அதைப் பார்த்ததுமே தத்தேயோவுக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.

பெரிய வீட்டுப் பெண்கள் ஓவியனுக்கு எதிரே பொழுதெல்லாம் மண்டியிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உடுப்பை அனுப்பிவிடுவார்கள். ஓவியன் வீட்டில் யாராவது அதை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மடிப்பும் நிழலும் அந்த உடம்பிலிருந்து வரும். முகம் மட்டும், கூடவே அனுப்பி வைக்கும் வெண்கலப் பதக்கத்திலிருந்து. கூடையின் அடியில் பதக்கமும் இருந்தது. பிரபு மணக்கப்போகும் பெண் இசோத்தாவின் பக்கவாட்டு முகம் அதில் சின்ன வாயோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

கூடைக்குப் பின்னாலேயே காரியஸ்தர் கல்வானோ மூக்கை உறிஞ்சியபடி படியேறி வந்தார். பச்சை வெல்வெட்டில் சுற்றிய ஒரு பொருள் அவர் கக்கத்தில் இருந்தது. அது என்னவென்று தத்தேயோவுக்குப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. அவன் வாழ்நாளில் ஏழு குளிர்காலங்கள் அந்த வெல்வெட்டுக்குள் இருந்தன.

இறந்துபோன பிராட்டி கோஸ்தான்சாவின் செபப்புத்தகம் புதுப் பிராட்டிக்குக் கல்யாணப் பரிசாகப் போகிறது என்றார் கல்வானோ. புதிதாக ஒன்று செய்ய ஏது நேரம், தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் முடிவதற்குள் கல்யாணம். ஏடுகளின் ஓரத்தில் இருக்கும் பழைய குடும்பச் சின்னத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். மாதாவின் செபம் தொடங்கும் முதல் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் பழைய பிராட்டியையும் எடுத்துவிட வேண்டும்.

"மேலேயே பூசிரலாமுங்களா?" என்று தத்தேயோ கேட்டான். குரலில் ஒன்றும் தெரியாதபடிதான் கேட்டான்.

"அந்தக் கதையே வேணாம் மேஸ்திரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டையில இப்படித்தான் மேல பூசி வச்சாங்க. மூணாம் வருஷம் புது அம்மாவோட நெத்தி உரிஞ்சு, செத்துப்போனவங்க கண்ணு முழிச்சுப் பாத்துதாம். அந்தப் பொண்ணு அலறிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கே போயிருச்சு. சுரண்டிருங்க. முகம், கை, உடுப்பு, எல்லாம். நான் ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சுப் பாப்பேன். ரெண்டு பூச்சு இருந்தா கறுப்பாத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

தத்தேயோ வழக்கம்போல் "ஆகட்டுங்க ஐயா" என்றான். முப்பது வருஷமாக அந்த வீட்டுக்கு அவன் சொல்லிவரும் பதில் அது. படியிறங்கும்போது கல்வானோ பாதி தனக்கும் பாதி அவனுக்குமாகச் சொன்னார்: "அவரு கல்யாணம் பண்ணிக்கிறாரு, நமக்கு முதுகு ஒடியுது."

காரியஸ்தருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் மண்டியிட்டிருப்பது கோஸ்தான்சா அல்ல. அது தத்தேயோவின் மகள் ஜெம்மா.

தத்தேயோ சேணத்துக்கு வர்ணம் பூசும் ஒருவரின் மகனாகப் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் அவனை ஏடு அலங்கரிக்கும் ஒரு மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டார்கள். அந்த மேஸ்திரியின் மகள்தான் ஒர்சோலா. இருவரும் ஒரே கலயத்தில் பிசின் கரைத்து, ஒரே அடியை வாங்கி வளர்ந்தவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனை வாடா போடா என்று கூப்பிடாத குறைதான். முட்டை வெள்ளையைக் கடற்பஞ்சில் பிழிந்து தெளியவைப்பதும், ஒட்டிய தங்கரேக்கின் மேல் நாய்ப்பல்லைத் தேய்த்து மினுக்குவதும் அவனுக்குக் கைவந்தன. அவன் வரைந்த ஒரு முயல்குட்டியைப் பார்த்துச் சிரித்த பழைய பிரபு, தற்போதைய பிரபுவின் தகப்பனார், அவனை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார்.

அரண்மனை ஓவியன் என்றால் ஊரில் மரியாதை உண்டு. அவன் என்ன வேலை செய்கிறான் என்பது ஊருக்குத் தெரியாது. குதிரைக்குப் போர்த்தும் துணிக்கு வர்ணம் அடித்தான். தொட்டில், கட்டில், படகு, கொடி, சீட்டாட்டச் சீட்டு, பிரபுவின் வேட்டைநாய்கள், விருந்து மேசைக்குச் சர்க்கரையில் கோபுரம். அந்தக் கோபுரத்தை விருந்தாளிகள் தின்றுவிட்டு விரல் நக்குவதைச் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறான். மாரடித்துச் செய்த ஒரு வேலையும் அவன் கையில் தங்கியதில்லை. குதிரை துணியைக் கிழித்தது, படகு அழுகியது, தொட்டிலில் படுக்க வந்த மூன்று பிள்ளைகளும் மூச்சில்லாமலே வந்தன.

அந்தச் செபப்புத்தகம் ஒன்றுதான் நின்றது. அதை அவன் பகல் வேலைகளுக்கு நடுவில், குளிர்காலங்களில், வெளிவேலை இல்லாதபோது செய்தான். கோஸ்தான்சா அப்போது பத்தொன்பது வயதுப் பெண். அவளும் உடுப்பை அனுப்பிவைத்தாள். பச்சைப் பட்டு. அதை மாட்டிக்கொண்டு ஜெம்மா மண்டியிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. அரைமணிக்கு ஒருமுறை "முட்டி செத்துப்போச்சுப்பா" என்பாள். சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாததால் எதிரே மாதாவின் அங்கிக்காகத் தொங்கவிட்டிருந்த திரைத்துணியை விரல்நுனியால் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. வணங்குகிற பெண் மாதாவின் அங்கியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி, வெனிஸ் வழியாக வரும் நீலக்கல்லை அரைத்த அந்த நீலத்தின் மேலேயே விரல் நுனிகளை வரைந்தான்.

கோஸ்தான்சா அனுப்பிய பதக்கத்தில் இருந்தது பக்கவாட்டு முகம். படத்துக்கு வேண்டியது பாதி திரும்பிய முகம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் எதிரே இருந்த முகத்தையே வரைந்துவிட்டான். நெற்றியை மட்டும் பெரிய வீட்டுப் பெண்களுக்குப் போல் மழித்து உயர்த்தினான். கோஸ்தான்சா பார்த்துவிட்டுத் தன்னைப் போலவே இருப்பதாகச் சொன்னாள். அவள் சொன்ன பிறகு அரண்மனையில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள்.

அந்த வருஷம் அறுவடை முடிந்த பின் வந்த காய்ச்சலில் ஜெம்மா போய்விட்டாள்.

அதன்பின் வருஷந்தோறும் பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் தத்தேயோ அரண்மனைக்குப் போய், தங்கம் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவான். தங்கம் உரியாது, அவன் ஒட்டிய தங்கம். ஜன்னலருகே நின்று முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு புள்ளி வைத்தமாதிரி தூரிகையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். புத்தகம் இருக்கும் படுக்கையறைக்குள் ஒர்சோலாவை எந்தப் பிராட்டியும் விடமாட்டார். படம் முடிந்த நாளில் ஒருமுறை பார்த்ததுதான் அவள் பார்த்தது. போய்விட்டு வந்ததை அவனும் அவளிடம் சொன்னதில்லை.

இப்போது புத்தகம் அவர்கள் வீட்டுக்கே வந்திருந்தது, சுரண்டுவதற்காக.

பல நாள் அதைத் தொடவில்லை. செய்வதற்கு வேறு வேலை நிறைய இருந்தது. பழைய பிராட்டி வீட்டுச் சின்னம் சிறகு வைத்த சிங்கம். புதியவள் வீட்டுச் சின்னம் மூன்று மீன். பல்லக்கில், சேணத்தில், கதவில், கரண்டிப் பெட்டியில் எங்கெல்லாம் சிங்கம் இருந்ததோ அங்கெல்லாம் ஏணி வைத்து ஏறி அதை மீனாக்கினான். கல்யாணப் படுக்கையறையின் முகட்டை முழுக்க நீலமாக்கித் தங்க நட்சத்திரம் வைக்கச் சொல்லி ஆள் வந்தது. கல்வானோ தன் பூட்டிய பெட்டியிலிருந்து நீலத்தை நிறுத்து நிறுத்துக் கொடுத்தார். முகட்டைப் பார்த்தபடி நின்று வரைந்ததில் கழுத்து இறுகி, சாப்பாட்டின்போது தட்டைக் குனிந்து பார்க்க முடியவில்லை. அடுப்பெதிரே உட்கார்ந்து ஒர்சோலா சுடுமணல் மூட்டையை அவன் பிடரியில் வைத்து அழுத்தினாள்.

"அந்த உடுப்பை யார் போட்டுக்கப் போறா?" என்று கேட்டாள்.

வீட்டில் வேறு பெண்ணே இல்லை.

மறுநாள் காலை வேலையறைக்கு வந்தபோது ஒர்சோலா அந்த மாதுளை நிறப் பட்டோடு நின்றாள். பின்பக்கம் கட்ட முடியாமல் நாடாக்கள் தொங்கின. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பதினாறு வயதுக்குத் தைத்த துணிக்குள் பாதிதான் போயிருந்தது.

"சிரிச்சா கொன்னுருவேன்" என்றாள். "பின்னாடி தெரியாதுல்ல? முன்னாடி மட்டும் வரை. எந்தப் பக்கம் திரும்பணும்?"

அவன் காட்டினான். அவள் முனகிக்கொண்டே மண்டியிட்டாள். அவனே எதிர்பாராமல் வெல்வெட்டைப் பிரித்து, முதல் பக்கத்தை அவளெதிரே சாய்மேசையில் திறந்துவைத்தான். எப்படியும் அழியப் போகிறது. அழியுமுன் அவளும் ஒருமுறை பார்க்கட்டும் என்று தோன்றியது. சுரண்டச் சொன்னது, மேலே பூசினால் ஜன்னலில் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது, பாஸ்காதோறும் தான் போய்ப் பார்த்துவந்தது எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

ஒர்சோலா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு படத்தை நெருங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"மூக்கு அவளுக்கு இப்படி இல்ல" என்றாள்.

"என்ன?"

"சின்னதாக்கிட்ட. அந்தம்மாவைச் சந்தோசப்படுத்தவா? அவளுக்கு எங்கப்பா மூக்கு. நடுவுல முட்டிக்கிட்டு இருக்கும். சளி புடிச்சா செவந்துபோயிரும்."

தத்தேயோ படத்தைப் பார்த்தான். சின்னதாக்கியது நினைவுக்கு வந்தது. நெற்றியை உயர்த்தியபோதே, கையோடு கையாக, வெள்ளையில் ஒரு இழுப்பு. அந்த இழுப்பை அவன் மறந்தே போயிருந்தான். கண்ணை மூடி மகளை நினைத்துப் பார்த்தான். வந்தது இந்தச் சின்ன மூக்குதான். வேறு மூக்கு வரவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் போய்ப் பார்த்து, அவன் தன் மகளின் முகத்தின் மேல் தன் படத்தைப் பூசிவைத்திருந்தான்.

"எனக்கு ஞாபகம் இல்ல, ஒர்சோலா" என்றான்.

"என் மூஞ்சில இருக்கே, அதான். முப்பது வருஷமா எதிர்ல உக்காந்து கூழ் குடிக்கிற."

அவன் நிமிர்ந்தான். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் ஒருபக்கமாக விழுந்திருந்தது. மூக்கின் நடுவில் எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. மேஸ்திரியின் மூக்கு. அதைப் பார்த்துப் பயந்தே அவன் தொழில் கற்றவன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னை என்ன பாக்குற, மடிப்பைப் பாரு. முட்டி வலிக்குது" என்றாள் ஒர்சோலா.

ஆனால் அவளே சற்று நேரம் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. விரலால் தொடாமல், காற்றிலேயே ஓரிடத்தைக் காட்டினாள். கூப்பியும் கூப்பாமலும் நீலத்தை நோக்கி நீண்டிருந்த கைகள். வலது கையின் சுண்டுவிரல் கடைசிக் கணுவில் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் வர்ணம் அரைக்கும் குழவிக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி நசுங்கிய விரல்.

"இது அவதான். இதுல நீ பொய் சொல்லல."

"கையையும் சுரண்டச் சொல்லியிருக்காங்க."

"மூஞ்சியை எடுத்துக்கோ. அது அவ இல்ல, யாரோ. கையை விட்டுரு."

அது அவ்வளவு எளிதில்லை என்று அவன் சொன்னான். புது உடுப்பின் கை நீளம். விரல் கணு வரைக்கும் வந்து விழும். அதை அப்படியே வரைந்தால் கைகள் துணிக்கடியில் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது நுனிகள்தான்.

ஒர்சோலா பட்டுக்கையை இரண்டு சுற்று சுருட்டி மணிக்கட்டுக்கு மேலே ஏற்றினாள். மாவு பிசையப் போகிறவளைப் போல. பிறகு கைகளை முன்னால் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ பாக்குறதைத்தானே வரையணும்? வரை."

அன்று முழுக்க மடிப்புகளைக் கரியில் எடுத்துக்கொண்டான். மறுநாள் சுரண்டினான். சின்ன வளைகத்தியைப் படுக்கவைத்து, ஏட்டின் கன்றுத்தோலில் பிசிறு எழும்பாமல், மூச்சை அடக்கிக்கொண்டு முதலில் நெற்றியை எடுத்தான். அப்புறம் கண்கள். மூக்கு ஒரே இழுப்பில் போனது. வெள்ளைப் பொடி மேசையில் உதிர்ந்தது. அதை ஊதிவிடாமல் உள்ளங்கையில் கூட்டி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்து, கடைசியில் அடுப்பில் போட்டான். சுரண்டிய இடத்தை நுரைக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, பதக்கத்தின் சின்ன வாயைப் பாதி திருப்பி வரைந்தான். பச்சை உடுப்பையும் சுரண்டி, மாதுளை நிறமாக்கினான். கைகளுக்குக் கிட்டே கத்தி போகவில்லை.

கல்வானோ சளி முற்றிப்போய்த் தொண்டையில் கம்பளி சுற்றிக்கொண்டு வந்தார். சொன்னபடியே ஏட்டை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். முகம் மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவத் தெரிந்தது. சந்தோஷம் என்று தலையாட்டினார். சின்னங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தார்.

"கை பழசு மாதிரி இருக்கே மேஸ்திரி."

தத்தேயோ பொய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தான். சொல்ல வாயெடுத்தபோது அதற்கும் தெம்பில்லாமல் போயிற்று.

"பழசுதாங்க. விரல் நுனி மாதாவோட அங்கி மேல இருக்கு. அதைச் சுரண்டுனா நீலமும் சேர்ந்து வரும். வந்துச்சுன்னா அங்கி முழுக்கப் புதுசாப் பூசணும், இல்லன்னா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். நீலம் குடுத்தீங்கன்னா இன்னைக்கே பண்ணிரலாம்."

கல்வானோவின் முகம் சுருங்கியது. பெட்டியில் நீலம் இல்லை என்பது பெட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்த அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்ததையெல்லாம் முகட்டுக்குக் கொடுத்தாயிற்று. வெனிஸிலிருந்து அடுத்த படகு வசந்தத்தில்தான். கல்யாணத்துக்கு முன்னால் மாதாவை அங்கியில்லாமல் நிறுத்தினால் பிரபு யார் கழுத்தைத் தேடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். ஏட்டைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சுண்டுவிரல் கோணலா இருக்கு. பழைய அம்மாவுக்கு இப்படி இருந்ததில்லையே. நான் கணக்குக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டு எத்தனை தடவை பாத்திருக்கேன்."

தத்தேயோ குனிந்து தூரிகையைத் துடைத்தான். அறையின் மறுகோடியில் மாதுளை நிறப் பட்டை மடித்துக்கொண்டிருந்த ஒர்சோலாவும் நிமிரவில்லை. கல்வானோ அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அந்த வீட்டில் முன்பு ஒரு பெண் இருந்ததையும், படிக்கட்டில் ஓடிவந்து அவரிடம் கூடையை வாங்கிக்கொண்டதையும் அவர் நினைத்தாரோ என்னவோ. பெரிதாக ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"குளிர்ல கல்யாணம். கை மரத்துப்போச்சுன்னு நெனச்சுப்பாங்க" என்றார். "அந்தச் சர்க்கரைக் கோட்டைக்கு மட்டும் கொடி பெருசா வைங்க. போன தடவை சின்னதா இருந்துச்சுன்னு பிரபு ஒரு வாரம் பேசினாரு."

கல்யாணத்தன்று கூடத்தில் எரிந்த மெழுகுவத்திகளின் சூட்டில் சர்க்கரைக் கோட்டையின் ஒரு பக்கம் வியர்த்துக்கொண்டே இருந்தது. சுவரோரம் நின்ற தத்தேயோ, விசிறியும் முட்டை வெள்ளைக் கிண்ணமுமாக அதைக் காவல் காத்தான். மேசையின் தலைப்பில் பிரபு புத்தகத்தை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தார். பதக்கத்தில் இருந்ததைவிட இசோத்தா சிறுபிள்ளையாக இருந்தாள். எத்தனை நாள் பயணமோ, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வழக்கப்படி முதல் பக்கத்தைத் திறந்தாள். தன் முகம் என்று தந்த முகத்தை அவள் பார்க்கவேயில்லை. வீட்டில் பழகிவந்தபடி, குனிந்து மாதாவின் அங்கி நுனியில் முத்தமிட்டாள். அங்கியின் நுனியில்தான் அந்த விரல்கள் இருந்தன.

அவள் நிமிர்ந்தபோது ஏட்டில் ஈரம் மினுங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிய முடியாது; ஆனாலும் தத்தேயோவுக்குத் தெரிந்தது. அதற்குள் கோட்டையின் கோபுரம் ஒன்று சாயவே, அதைத் தாங்கிப் பிடிக்க ஓடினான்.

அடுத்த நாள் காலை தினைக்கூழின் முன்னால் உட்கார்ந்து அதை ஒர்சோலாவிடம் சொன்னான். தினமும் செபம் சொல்கிற பெண்ணாகத் தெரிகிறாள். தினமும் அங்கேதான் முத்தம் விழும். பிசின் எவ்வளவு தாங்கும், ஐந்தாறு வருஷத்தில் நீலம் மங்கும், அதற்கு முன்னால் விரல்கள் மழுங்கும் என்று சொன்னான். தொழில்காரன் பேச்சாகத்தான் பேசினான்.

"தேயட்டும்" என்றாள் ஒர்சோலா.

"ஒண்ணும் மிஞ்சாது."

"சுரண்டித்தான் போயிருக்கணும். முத்தத்துல போகுதுன்னா போயிட்டுப் போகுது." கூழில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அவன் பக்கம் தள்ளினாள். "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளா?"

"தெரியல."

கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது. பல்லக்குக் குதிரைகளுக்குப் புதுப் போர்வை வேண்டுமாம். பழையதில் மீன்கள் மழையில் கரைந்துவிட்டனவாம். தத்தேயோ ஆகட்டும் என்று மேலிருந்தே குரல் கொடுத்தான். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. எதிரே ஒர்சோலா கிண்ணத்தின் மேல் குனிந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. கூழ் ஆறும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.